உடம்பில்லாத கிளாஸ்

ரிலீஸுக்கு முந்தின நாள். அப்ளிகேஷன் சர்வரில் ஒழுங்காக ஓடுது. மேவனில் இன்டக்ரேஷன் டெஸ்ட் மட்டும் 'கிளாஸ்ஃபார்மட்எரர்' என்று விழுந்தது. டெஸ்டை ஸ்கிப் பண்ணிடலாம் என்றார்கள்.

காரணம் இதுதான். ஜாவா ஈஈ 6-இன் 'ஜாவாஈஈ-ஏபிஐ' ஜாரில் மெத்தட்களின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே கோட் இருக்காது. கம்பைல் பண்ண அது போதும். ஓடும்போது சர்வர் தன் சொந்த ஜாரைக் கொடுக்கும். அதனால்தான் 'புரொவைடட்' என்று போடுகிறோம். ஆனால் மேவன் அதை டெஸ்ட் கிளாஸ்பாத்திலும் சேர்த்துவிடும். ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால், முதலில் கிடைப்பதுதான் லோடு ஆகும்.

'-வெர்போஸ்:கிளாஸ்' கொடுத்தேன், எந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வருது என்று தெரிந்துவிட்டது. பாம் ஃபைலில் எம்பெடட் கிளாஸ்ஃபிஷ் ஜாரை அதற்கு மேலே நகர்த்தினேன். மேவன் 2.0.9 முதல் அந்த வரிசைதான் கிளாஸ்பாத் வரிசை.

டெஸ்ட் ஓடியது. அதில் ஒன்று நிஜமாகவே ஃபெயில்: ஒரே பணம் இரண்டு தடவை பதிவாகிற பக். ஸ்கிப் பண்ணியிருந்தால்?