அடைக்கலம் கொடுத்தவர்கள்

தமிழிலே ‘அடைக்கலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. தஞ்சம் புகுவதும் அடைக்கலந்தான். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளும் அடைக்கலந்தான். புகுந்தவரை எல்லாரும் பேசுகிறோம். கதவைத் திறந்தவரைப் பேசுவோர் குறைவு. இன்றைய பேச்சு அந்தக் கதவைத் திறந்தவர்களைப் பற்றியது.

சிலப்பதிகாரத்தில் இதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. மதுரையின் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் இடைக்குலப் பெண்ணாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி செல்வம் படைத்தவள் அல்லள். வந்தவர்களின் வரலாற்றை அவள் துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. மறுநாள் கோவலன் கள்வன் என்று வெட்டுண்டான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்து மாண்டாள். கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர் துறந்தார். அரசனின் தவறான தீர்ப்புக்கு அடைக்கலம் கொடுத்த இரு பெண்களும் விலை கொடுத்தார்கள்.

கதவு திறக்க மறுத்தவர்களும் நம் இலக்கியத்தில் உண்டு. பாரி இறந்தபின் கபிலர் அவனுடைய பெண்மக்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இருவரும் ஏற்கவில்லை. மூவேந்தரின் பகைக்குச் சிற்றரசர்கள் அஞ்சினர் என்று உரைகாரர் சொல்வர். அரசர் அஞ்சிய இடத்தில் இடைச்சி அஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காவியத்தைவிட்டு வரலாற்றுக்கு வருவோம். 1911 ஜூன் 17 ஆம் திகதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டு இறந்தான். உடன் வந்தவன் ஒட்டப்பிடாரம் மாடசாமி. அவன் ஓடினான், பொலிசார் கடைசிவரை அவனைப் பிடிக்கவேயில்லை. ஒரு மனிதன் தனியே ஓடி மறைய முடியாது. யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். யாரோ கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களுள் ஒருவருடைய பெயரையும் வரலாறு குறித்து வைக்கவில்லை. அகப்பட்டவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. 14 பேர்மீது வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுச் சிறை. தேடுதலுக்கு அஞ்சித் தம் உயிரைத் தாமே மாய்த்தவர்களும் உண்டு.

அதே ஆண்டில் புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்களுக்கும் நெருக்கடி வந்தது. அந்நியர் ஒவ்வொருவரும் ஐந்து உள்ளூர்ப் பிரமுகர்களின் நற்சான்று பெற வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் விதித்தது. கையொப்பமிட முன்வந்தவர்களுள் கலவை சங்கரச் செட்டியார் ஒருவர். பாரதியைப் படிக்கிறோம், அரவிந்தரைப் படிக்கிறோம். கையொப்பமிட்ட கையை எத்தனை பேர் அறிவோம்?

இனி நமது வாவிக்கரைக்கு வருவோம். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் பல்கலைக்கழக விரிவுரையாளர்களான நித்தியானந்தனும் நிர்மலாவும் இருந்தார்கள். மருத்துவர் ஒருவரும் கிறிஸ்தவக் குருமாரும் இருந்தார்கள். இவர்கள்மீதான குற்றச்சாட்டு என்ன? தேடப்பட்டவர்களுக்கு உதவினார்கள், அறிந்ததை மறைத்தார்கள் என்பதுதான். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அடைக்கலம் கொடுப்பதையே பெருங்குற்றமாக்கியிருந்தது. மாதரி இக்காலத்தில் வாழ்ந்திருந்தால் அவளுக்கும் அந்தச் சிறையில் ஓர் அறை கிடைத்திருக்கும்.

1983 செப்டெம்பர் 23 இரவு சிறை உடைந்தது. நாற்பதளவான அரசியல் கைதிகள் தப்பினார்கள். பெண்கள் பகுதியில் இருந்த நிர்மலா அன்று வெளியேற முடியவில்லை. 1984 ஜூனில்தான் மீட்கப்பட்டார். முன்பு அடைக்கலம் கொடுத்தவர்கள் இப்போது அடைக்கலம் தேடும் நிலைக்கு வந்தார்கள்.

நமது வாவியை அறிந்தவர்களுக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எழுவான்கரையில் ஊர் நெருக்கம், கடலுக்கு வழி. படுவான்கரையில் வயல்வெளி, வாடி, மாட்டுப்பட்டி, அதற்கப்பால் காடு. இடையிலே தண்ணீர். கரையோரம் கண்டல் செறிந்திருக்கும். தோணிக்காரன் வாய் திறவாதிருந்தால் தண்ணீரில் தடமில்லை. வயல் வாடியில் ஓர் உலைக்குக் கூட இரண்டு சுண்டு அரிசி போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னாளில் படுவான்கரை இதற்கெல்லாம் கொடுத்த விலை பெரிது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையிலும், 1991 ஜூனில் மகிழடித்தீவிலும் கொல்லப்பட்டவர்கள் சாதாரண சனங்கள். ஓர் ஊரே இரகசியம் காத்தது என்று படைகள் சந்தேகித்தால் ஊர் முழுவதுமே குற்றவாளியாகிவிடும்.

வகுப்பிலே அடைக்கலக் காதையைப் படிப்பிக்கையில் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், வந்தவன் உண்மையிலேயே கொலைகாரனாக இருந்தால்? அப்பவும் மாதரி சோறு போட்டிருப்பாளா?” பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆனால் நமது ஊரில் வளர்ந்த பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான்.

இதற்கு நான் ஒரு பெயரைக் கொண்டே விடை தேடுகிறேன். நிர்மலாவின் சகோதரி மருத்துவர் ராஜினி திரணகம. காயப்பட்டு வந்த போராளிகளுக்கு ஒரு காலத்தில் மருந்து கட்டியவர் அவர். பின்னர் எந்தத் துப்பாக்கி சனங்களை வருத்தினாலும் அதை எழுதத் துணிந்தார்; ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரானார். 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றனர் என்று அவருடைய சக ஆசிரியர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சுட்டவன் எங்கே ஒளித்தான்? அவன் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் பேசாதிருந்தது, அதுவே அவனுக்குப் போதுமானதாயிற்று. இங்கேதான் அடைக்கலம் இரண்டாகப் பிரிகிறது. இரக்கத்தால் கதவைத் திறப்பது ஒன்று. பயத்தால் வாயை மூடுவது மற்றொன்று. முன்னதில் கொடுப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். பின்னதில் பணயம் வைக்கப்படுவது வேறொருவரின் உயிர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும்.

மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவது அவன் செய்ததை ஒப்புக்கொள்வதாகாது. ராஜினி மருந்து கட்டினார், கேள்வியும் கேட்டார். இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. சோற்றை மறுத்தால் நாம் விச்சிக்கோன். கேள்வியை விழுங்கினால் கொலைக்கு நாமும் உடன்பாடு.

நமது பகுதியின் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. அதிலும் அடைக்கலக் காதை உண்டு. எரிந்த மனத்தைத் தணிக்கவே குளிர்த்தி பாடுகிறார்கள். கண்ணகைக்குக் கோயில் எழுப்பிய நாம் மாதரிக்கு ஒரு கல்லும் நடவில்லை. கல் வேண்டாம். தோணி தள்ளியவர், வாடியைத் திறந்துவிட்டவர், விசாரணையில் அடிபட்டும் பெயர் சொல்லாதவர் இன்னும் சிலர் நம்மிடையே முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். இரக்கப்பட்டதை மட்டுமல்ல, பயந்துபோய்ப் பேசாதிருந்ததையும் சேர்த்தே எழுதிக்கொள்வோம்.