விற்பனையான கருவியும் வராத சேமிப்பும்

நுவரெலியா போன்ற மலைப் பிரதேசங்களைத் தவிர எமது நாட்டில் வீட்டைச் சூடாக்கும் தேவை கிடையாது. ஆனால் இலண்டனிலோ டொரன்டோவிலோ பிள்ளைகள் இருப்பவர்களிடம் கேளுங்கள். குளிர்காலத்தில் அங்கு வரும் எரிவாயுக் கட்டணத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் குறைப்பதற்கென ஐக்கிய அமெரிக்காவில் பெருமளவில் விற்கப்பட்ட ஒரு கருவியின் கதை, பொருள் விற்கும் எமக்கும் பயன்படும்.

அறை குளிர்ந்தால் வெப்பமேற்றியை இயக்கி, குறித்த அளவு வந்ததும் நிறுத்துவது தெர்மோஸ்டெட்டின் வேலை. நேரம் குறித்து வைக்கக்கூடிய ரகம் இதில் ஒரு படி மேல். வீட்டார் உறங்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அதுவே வெப்பத்தைக் குறைத்து, எழும்பும் நேரத்துக்கு முன் மீண்டும் கூட்டிவிடும். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் 7 முதல் 10 பாகை பரனைட் வரை குறைத்து வைத்தால், வருடச் செலவில் 10 சதவீதம் வரை மீதமாகலாம் என்கிறது அந்நாட்டு எரிசக்தித் திணைக்களம். ‘ஆறிய வீட்டைத் திரும்பச் சூடாக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகுமே’ என்று பலர் வாதிடுவதுண்டு. அது தவறு. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் சுவர் வழியே வெளியேறும் வெப்பமும் குறையும். வெப்பப் பம்பி பொருத்திய சில வீடுகளில் மட்டும் கணக்கு மாறும். திடீரெனக் கூட்டும்போது துணை மின்சூடாக்கி வேலை செய்து இலாபத்தை விழுங்கிவிடும்.

1995இல் இக்கருவிகளுக்கு ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரை கிடைத்தது. அரசாங்கமே சிபாரிசு செய்த பொருள் என்றால் விற்பனைக்குக் கேட்கவும் வேண்டுமா? ஆனால் 2009 டிசம்பர் முடிவில் அம்முத்திரை விலக்கிக்கொள்ளப்பட்டது. கருவியில் பழுதில்லை. சின்னப் பொத்தான்களும் குழப்பமான கையேடும் பாவனையாளரைக் களைக்க வைத்தன. பலர் நேரத்தையே சரி செய்யவில்லை. இன்னும் பலர் ‘ஹோல்ட்’ பொத்தானை அழுத்தி, ஒரே அளவில் விட்டுவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் பழைய கருவியைப் போலவே அதைப் பாவித்தார்.

இந்தக் குறையில் வியாபாரம் கண்டவர், அப்பிள் நிறுவனத்தில் ஐபொட் உருவாக்கத்தில் பங்கேற்ற டோனி ஃபடெல். அவரது ‘நெஸ்ட்’ நிறுவனம் 2011இல் வெளியிட்ட கருவி, வீட்டார் கூட்டுவதையும் குறைப்பதையும் பார்த்துத் தானே அட்டவணை போட்டுக்கொண்டது. 2014இல் கூகுள் அந்நிறுவனத்தை 3.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பின்னர் 2017இல் ஸ்மார்ட் ரகங்களுக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரை திரும்பவும் வந்தது. இம்முறை பெட்டியில் என்னென்ன வசதி எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதவில்லை. வீடுகளில் உண்மையில் மீதமானதைத் தரவுகளால் காட்ட வேண்டியிருந்தது.

உங்கள் கடை ஏ.சி.யின் ரிமோட்டிலும் ‘டைமர்’ என்றொரு பொத்தான் இருக்கும். எத்தனை பேர் அதைத் தொட்டிருப்போம்? காலையில் கடை திறந்ததும் கெதியாகக் குளிரட்டும் என்று 16க்கு இறக்குகிறோம். இன்வேர்ட்டர் இல்லாத இயந்திரம் 16 ஆனாலும் 25 ஆனாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும்; 16க்கு வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். கடை பூட்டுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் நிற்கும்படி டைமரை வைத்துப் பாருங்கள். கடைசி வாடிக்கையாளருக்கு அது தெரியவே வராது.