விற்பனையில் முதலிடம், கல்லாவில் எத்தனையாவது இடம்?

கடையில் கூட்டம் நெரிந்தால் கல்லாவும் நிரம்பியிருக்கும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதற்கு ஸ்மார்ட்போன் தொழில் நல்ல உதாரணம். மைசூர் மேட்டகள்ளி பக்கம் ஆலை வேலைக்குப் போகும் தமிழர்களுக்கும், அலுவலகங்களில் கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கும் இதில் அறிய வேண்டிய விஷயம் உண்டு. வேலை நிலைக்குமா என்ற கேள்வியே இதில் அடங்கியிருக்கிறது.

விற்கும் நூறு போன்களில் ஒரு கம்பெனியின் போன் எத்தனை? இது சந்தைப் பங்கு. நூறு ரூபாய் வியாபாரத்தில் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது எவ்வளவு? இது லாப விகிதம். முதல் கணக்கு விளம்பரத்தில் வரும். இரண்டாவது கணக்குத்தான் சம்பளம் கொடுக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பாடம்

நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. நேரடியாகவே சுமார் 8,000 பேர் வேலை பார்த்த ஆலை அது. உலகச் சந்தையிலும் நோக்கியாதான் முதலிடம். 2011-ல் கூட அது உலகெங்கும் 40 கோடிக்கு மேற்பட்ட போன்களை விற்றது. ஆனால் அதே ஆண்டில் அதற்கு 100 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம்!

அந்த ஆண்டில் ஆப்பிள் விற்ற ஐபோன்கள் 10 கோடிக்கும் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் உள்பட எல்லாப் பொருள்களையும் சேர்த்து, 2011 நிதியாண்டில் அது ஈட்டிய நிகர லாபம் 2,500 கோடி டாலருக்கு மேல்.

2012-ல் சாம்சங் முந்தியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போயிற்று. வருமான வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. பிறகு மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை மூடப்பட்டது. முதலிடம் என்ற பெயர் அந்தத் தொழிலாளிகளைக் காப்பாற்றவில்லை.

ஐந்து சதவீத வாக்குறுதி

குறைந்த லாபத்தையே கொள்கையாக வைத்த கம்பெனியும் உண்டு. சீனாவின் ஷியோமி, போன் முதலான பொருள்களில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைப்பதில்லை என்று 2018-ல் அறிவித்தது. அப்போது இந்தியச் சந்தையில் முன்னணியில் இருந்ததும் அதுதான். போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, பிறகு அதில் வரும் விளம்பரங்களிலும் சேவைகளிலும் சம்பாதிக்கலாம் என்பது அதன் கணக்கு.

மைசூர் கணக்கு

இதே வித்தியாசத்தை மைசூரிலும் பார்க்கலாம். 1988-ல் இங்கே தொடங்கிய கெய்ன்ஸ் டெக்னாலஜி, ரயில்வே, மோட்டார் வாகனம், மருத்துவக் கருவி, விமானத் துறை ஆகியவற்றுக்கு மின்னணுப் பலகைகள் செய்கிறது. எண்ணிக்கை குறைவு, வேலை நுணுக்கம். நொய்டாவின் டிக்ஸன் கம்பெனி, பிற கம்பெனிகளின் பெயரில் போன்களும் டி.வி.க்களும் செய்து கொடுக்கிறது. எண்ணிக்கை ஏராளம்.

2023-24 கணக்கைப் பாருங்கள். டிக்ஸனின் வருவாய் சுமார் 17,690 கோடி ரூபாய். லாபம் சுமார் 375 கோடி. கெய்ன்ஸின் வருவாய் சுமார் 1,805 கோடி; லாபம் சுமார் 183 கோடி. வியாபாரம் பத்தில் ஒரு பங்கு. லாபமோ ஏறத்தாழ பாதி. ஒரு ரூபாய்க்கு டிக்ஸனிடம் நின்றது இரண்டு பைசா. கெய்ன்ஸிடம் நின்றது பத்து பைசா.

காரணம் எளிது. போனின் விலையில் பெரும் பகுதி உள்ளே இருக்கும் பாகங்களின் விலை. பாகத்தின் பணம் வந்த வழியே போய்விடும். பூட்டிக் கொடுத்த கூலியே மிஞ்சும்.

இரண்டு பைசா குற்றமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தேவராஜ மார்க்கெட் காய்கறிக்காரருக்கு ஒரு கிலோவில் கிடைப்பது சொற்பம். ஆனால் காலையில் போட்ட முதல் மாலையில் திரும்பிவிடும். நகைக் கடையில் ஒரு சங்கிலியில் லாபம் அதிகம். அது விற்க மாதக் கணக்கில் ஆகலாம். முதல் வேகமாகச் சுழலும்வரை சின்ன லாபமும் பெரிய லாபமே. அதிகம் விற்கும் ஆலை அதிகம் பேருக்கு வேலையும் தருகிறது.

ஆபத்து சுழற்சி நிற்கும்போதுதான். பத்து பைசா நிற்கும் இடத்தில் விலை கொஞ்சம் இறங்கினாலும் தாங்கும். இரண்டு பைசா நிற்கும் இடத்தில் ஒரு பெரிய ஆர்டர் கைமாறினாலே ஷிப்டு குறையும். முதலில் வெளியேறுவது ஒப்பந்தத் தொழிலாளி.

ஆகவே, "நாட்டிலேயே நாங்கள்தான் முதலிடம்" என்று ஒரு கம்பெனி மார் தட்டும்போது, அதில் வேலைக்குச் சேர்பவரும், அதன் பங்கை வாங்குபவரும் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒரு ரூபாயில் எத்தனை பைசா நிற்கிறது? அந்த ரூபாய் எத்தனை பேரின் ஆர்டரை நம்பி வருகிறது?