கடைக்கால் எடுக்குமுன்...

கோவையிலே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைக்கால் தோண்டுகிறார்கள். நேற்றுச் சோளக்காடாக இருந்த இடத்தில் இன்று கம்பி கட்டுகிறார்கள்; நாளை அங்கே அடுக்குமாளிகை எழும். எழட்டும்! வீடும் தொழிலும் பெருகுவதைத் தடுக்க நினைப்பவர்கள் அல்ல நாம். தோண்டுகிற மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டினால் என்ன என்றுதான் கேட்கிறோம்.

வெள்ளலூர் என்றதும் கோவைக்காரருக்கு இன்று மாநகராட்சிக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். அதே வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்களின் தலை பொறித்த காசுகள்! அதை யார் புதைத்தார்? எதை விற்றுப் பெற்றார்? காசு அதைச் சொல்லாது. காசு கிடந்த மண்ணை அடுக்கடுக்காக ஆய்ந்தால்தான் தெரியும். காசை எடுத்துக்கொண்டு மண்ணைக் கலைத்துவிட்டால், கதை முடிந்தது!

ஆய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தது. இரும்பு உருக்கிய உலை வெளிப்பட்டது. முடித்த மணியும் முடிக்காத மணியும் கிடைத்தன. பானை ஓடுகளிலே ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்து! 'கண்ணன் ஆதன்' என்று ஒரு பெயர். உலையில் வெந்தவர்கள், கல்லை அறுத்து மணியாக்கியவர்கள், அந்த மணியை வாங்கி விற்றவர்கள், இவர்கள் வாழ்ந்த ஊர் அது, தோழர்களே!

அரசர்கள் தங்கள் புகழைக் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டி வைத்தார்கள். பாட்டாளியின் வரலாறோ ஓட்டுத் துண்டிலும் சாம்பலிலும் கிடக்கிறது. மண்வாரி இயந்திரம் ஒருநாள் ஓடினால் போதும், அத்தனையும் குப்பை.

அரசர் கட்டியதே தப்பவில்லையே! 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அங்கே மாளிகைமேட்டில் புதைந்துகிடந்த இராசேந்திரன் அரண்மனையின் செங்கற் சுவர்கள், 1980 முதல் நடந்த அகழாய்வில்தான் வெளிப்பட்டன. மன்னன் மாளிகைக்கே இந்தக் கதி என்றால், ஆதன் குடியிருந்த வீட்டுக்கு யார் காவல்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று மத்திய அரசு அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆனால் அறிவிக்கப்படாத மேட்டுக்கும் காட்டுக்கும் அந்தக் காவல் இல்லையே!

இலண்டனில் 1954-ல் ஓர் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது ரோமர் காலக் கோயிலொன்று வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கட்டடமும் எழுந்தது, கோயிற் கற்களும் காக்கப்பட்டன. 1990-க்குப் பிறகு இங்கிலாந்தில், கட்ட வருபவரே முன்னாய்வின் செலவை ஏற்கும் முறை வேரூன்றியது. கோடிகளைக் கொட்டிக் கட்டுபவருக்கு அது பெருஞ்சுமையா?

இங்கும் அப்படியொரு விதி வேண்டும். பழம்பொருள் கிடைத்த ஊர்களின் பட்டியலை அரசு வெளியிடட்டும். அந்த ஊர்களில் பெருங்கட்டடத்துக்கு அனுமதி தருமுன் தொல்லியல் துறை பார்க்கட்டும். பார்ப்பதற்குக் காலக்கெடுவும் இருக்கட்டும். ஆய்வு நடக்கும் நாளில் கட்டடத் தொழிலாளியின் கூலி நிற்கக்கூடாது. அதையும் கட்டுபவரே தரவேண்டும்.

கடப்பாரை பிடிக்கும் தோழருக்கு ஒரு சொல். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அதே சட்டம் கண்டெடுத்தவருக்குப் பங்கும் தருகிறது. உரிமையாளர் அற்ற புதையலில், வேறு உடன்பாடு இல்லையெனில், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு. கால் பங்கே நிலத்துக்காரருக்கு! அரசே எடுத்துக்கொண்டால் அதற்கு விலை தரவேண்டும். இதை எந்த மேஸ்திரியும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். நாம் சொல்லி வைக்கிறோம்.

காசுக்கு மட்டுமல்ல, கீறல் விழுந்த கறுப்பு ஓட்டுக்கும் கொஞ்சம் கையை நிறுத்துங்கள். அதிலே ஒரு தொழிலாளியின் பெயர் இருக்கலாம்.