அந்தமான் கலைச் சங்கங்கள்: மேடைக்குக் காசு வரும், கணக்கருக்கு வராது. ஏன்?

ஒரு சின்னக் கேள்வி. வருமான வரி தாக்கல் செய்யும்போது நீங்கள் பழைய முறையா, புதிய முறையா?

2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி, அதாவது 72%, புதிய முறையில் வந்தவை. அதில் வரி விகிதம் குறைவு. ஆனால் நன்கொடைக்கான 80ஜி கழிவு கிடையாது. ஆக, ஒரு நாடகக் குழுவுக்கு 5,000 ரூபாய் கொடுத்து நீங்கள் ரசீது வாங்கினாலும், உங்கள் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

சென்னையின் பெரிய சபாக்களுக்கு இது ஒரு சின்ன இடைஞ்சல்தான். ஸ்பான்சர், டிக்கெட், உறுப்பினர் சந்தா என்று அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சென்னையிலிருந்து சுமார் 1,190 கிமீ தள்ளி, ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) இயங்கும் ஒரு சின்னக் கலைச் சங்கத்துக்கு, இருக்கிற கொஞ்ச வழிகளில் ஒன்று மெல்ல அடைபடுகிறது என்று அர்த்தம்.

அங்கே கலையை நடத்துவது யார்?

அந்தமானை 'குட்டி இந்தியா' என்பார்கள். கலை வாழ்க்கையும் மொழிவாரியாகத்தான் பிரிந்திருக்கிறது. தமிழர்களுக்குத் தமிழர் சங்கம், மலையாளிகளுக்குக் கேரள சமாஜம், வங்காளிகளுக்கு அதுல் ஸ்மிருதி சமிதி. பொங்கல் விழா, ஓணம், துர்கா பூஜை என்று ஆண்டு முழுக்க மேடை ஏறுவது இப்படிப்பட்ட அமைப்புகளைச் சுற்றித்தான்.

சட்டத்தின் பார்வையில் ஒரு கலைச் சங்கம் தொடங்குவது சுலபம். 1860-ம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். தொடங்கிய பிறகு அதை ஓட்டுவதுதான் கஷ்டம். இந்த மாதிரி சின்னச் சங்கங்களில் செயலாளர், பொருளாளர் எல்லாம் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் சங்கத்துக்கு வருபவர்கள்.

சந்தா கட்டும் கூட்டமும் வளரவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 17.7%. 2011-ல் 15.2%. அந்தப் பத்தாண்டில் மொத்த மக்கள்தொகை கிட்டத்தட்ட 7% கூடியது. தமிழர் எண்ணிக்கையோ சுமார் 63,000-லிருந்து 58,000 அளவுக்கு இறங்கியது.

அரசுப் பணம் வராதா?

வரும். ஒரு விஷயத்தில் அந்தமானுக்கு அதிர்ஷ்டம்கூட உண்டு. நாட்டில் மொத்தம் ஏழு மண்டலக் கலாசார மையங்கள். அதில் கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கு மண்டல மையம், தஞ்சாவூரில் இருக்கும் தென் மண்டல மையம் இரண்டிலுமே அந்தமான் உறுப்பினர். இவை போக மத்திய கலாசார அமைச்சகத்தின் திட்டங்கள். குரு-சிஷ்ய திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சிஷ்யருக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. விழா, நாடகத் தயாரிப்புக்கான திட்டத்தில் வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம்.

இந்தத் தொகைகள் எதற்குத் தரப்படுகின்றன என்று பாருங்கள். பயிற்சிக்கு, விழாவுக்கு, தயாரிப்புக்கு. அலுவலக வாடகைக்கோ, கணக்கு எழுதுபவரின் சம்பளத்துக்கோ யாரும் முன்வந்து தருவதில்லை. விழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, யாராவது உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கணும் இல்லையா? அந்தத் திங்கட்கிழமைக்குத்தான் காசு இல்லை.

மானியம் பெரும்பாலும் ஒரே தவணையில் வராது. 5 லட்சம் ஒப்புதலாகி, முதலில் 75%, கணக்கு காட்டியபின் 25% என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 3.75 லட்சம். மீதி 1.25 லட்சத்தை சங்கமே முதலில் செலவழிக்கணும். பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பணும், பிறகு காத்திருக்கணும். பழைய மானியத்தின் சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்தது சிக்கல். தவிலும் நாதஸ்வரமும் தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டும் என்றால், விமானக் கட்டணம் அல்லது மூன்று நாள் போலக் கப்பல். அதையும் முன்கூட்டியே கட்டியாகணும்.

சேமிப்பு வைத்துச் சமாளிக்கலாமே என்றால், வரிவிலக்கு பெற்ற அமைப்பு தன் ஆண்டு வருமானத்தில் 85%-ஐ நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும். சுதந்திரமாக ஒதுக்கி வைக்க முடிவது 15% மட்டுமே. வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50%-லிருந்து 20%-ஆகச் சுருங்கிவிட்டது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொரு விதி. 80ஜி பதிவு உள்ள சங்கம், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தரவேண்டும் என்கிறது 1961 சட்டம். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். 25 நாள் தாமதம் ஆனால், உங்கள் 5,000 ரூபாய் அப்படியே அபராதத்துக்குப் போய்விடும். நோக்கம் நியாயம்தான், கள்ள ரசீதுகளைத் தடுக்கணும். ஆனால் கோடிகளில் புரளும் அறக்கட்டளைக்கும் ஏழு பேர் சங்கத்துக்கும் ஒரே கட்டணம்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர்?

கலையும் பாரம்பரியமும் சிஎஸ்ஆர் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு. சென்னை, மும்பை அளவுக்குத் தலைமையகங்களும் ஆலைகளும் இல்லாத தீவுகளுக்கு இது பின்னடைவு. இன்னொன்று, ஒரு நாள் நிகழ்ச்சிக்கான ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்று 2014-லேயே அரசு சுற்றறிக்கை விட்டது. ஆகவே 'பொங்கல் விழாவுக்கு உதவுங்க' என்ற கடிதம் அந்தப் பிரிவில் செல்லுபடியாகாது. 'தீவுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு பறை, கூத்துப் பயிற்சி' என்று திட்டமாக எழுதினால் வாய்ப்புண்டு. அதை எழுதுவதற்கும், அதற்கான பதிவுகளை உயிரோடு வைத்திருப்பதற்கும் ஆள் வேண்டும். மறுபடியும் அதே திங்கட்கிழமை.

நிலையான பணம் வந்தால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு. ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு 1980-களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. மாலையில் மட்டும் வந்துபோகாமல், நடிகர்கள் முழுநேரமாகப் பயிற்சி எடுக்க முடிந்தது. பசுபதி, கலைராணி போன்றவர்கள் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே முதலில் சேர்ந்தது கணக்கராக என்பது பலருக்கும் தெரிந்த கதை. இதை ரசிகர்கள் அவருடைய போராட்டக் கதையாகச் சொல்வார்கள். நான் அதில் பார்ப்பது வேறு: அந்தக் குழுவிடம் ஒரு கணக்கர் பதவி இருந்தது.

ஒரே கொடையாளியை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2025 மே மாதம் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் ஏற்கெனவே ஒப்புதல் தந்த பல மானியங்களை மின்னஞ்சலில் ரத்து செய்தபோது, அங்குள்ள சின்னச் சின்ன நாடகக் குழுக்கள் நடுவழியில் நின்றன.

சரி, உதவ விரும்பினால்?

பணம் தருவதாக இருந்தால், 'விழாவுக்கு' என்று எழுதாமல் 'பொதுச் செலவுக்கு' என்று எழுதிக் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை 6,000 தருவதைவிட மாதம் 500 என்பது ஒரு பொருளாளருக்கு அதிக உதவி, ஏனென்றால் அதை வைத்துத் திட்டமிட முடியும்.

பணம் தவிர இன்னொரு வழி 2020 ஆகஸ்ட் 10-க்குப் பிறகுதான் நடைமுறையில் சாத்தியமானது. அன்றுதான் சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிமீ கடலடி இணையக் கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு கோப்பை அனுப்புவதே பொறுமைச் சோதனை. இப்போது கிண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கணக்காளர், மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஸ்ரீ விஜயபுரத்துச் சங்கத்தின் ரசீதுகளைச் சரிபார்க்க முடியும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. பழைய பதிவு எப்போது காலாவதியாகிறது, எந்தப் படிவத்தில் புதுப்பிக்கணும் என்று அவர்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பதிலிருந்தே தொடங்கலாம்.