மாத்திரை சாப்பிட்டால் உடம்பு பருக்குமா?

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்கு வந்து எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் உள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கடைக்குப் போக என் மலையாளம் போதும். மனத்தில் இருப்பதை டாக்டரிடம் சொல்லத்தான் போதவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மாமியார் காலமானார்கள். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை. ஆறு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தேன். "மெலிஞ்சு அழகாயிட்டீங்க மதினி" என்று பாராட்டியவர்களும் உண்டு! நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் இதை மனச்சோர்வு நோய் என்று சொல்லி, இரவில் போட மிர்டசாபின் மாத்திரை எழுதினார். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்தவர், "தடி வைக்கும் சேச்சி" என்றார். மலையாளத்தில் தடி வைப்பது என்றால் உடம்பு பருப்பது. நமக்குத் தடி என்றால் அடிக்கிற தடிதானே!

இரண்டாம் மாதம் ரவிக்கை இறுகியது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். தலைசுற்றல், குமட்டல், விடிய விடிய விழிப்பு. ஒரு மாதத்துக்குள் பழைய அழுகையும் வந்துவிட்டது. கிணற்றடிக்குத் தனியே போக எனக்கே பயமாக இருந்தது. அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் கோபிக்கவில்லை. "எடை கூடுகிறது என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். நிதானமாக விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. கூடிய நான்கு கிலோவும், நோய் தின்ற எட்டு கிலோவில் பாதி திரும்பி வந்ததுதான். நான் சாப்பிடாமலும் தூங்காமலும் இருந்ததால்தான், பசியையும் தூக்கத்தையும் தருகிற மருந்தாகப் பார்த்து எழுதியிருக்கிறார். மிர்டசாபின், பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் போன்றவை மூளையில் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் பசி கூடும். அமிட்ரிப்டிலினில் வாயும் உலரும். உலர்ந்த வாய்க்குச் சர்க்கரை போட்ட சாயாவையும் சர்பத்தையும் குடித்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்?

எல்லா மாத்திரையும் அப்படியல்ல. அமெரிக்காவில் 1,83,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் ஒரு கட்டுரை வெளியானது. செர்ட்ராலின் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், எஸ்சிடாலோபிராம் தொடங்கியவர்களுக்கு ஆறு மாதத்தில் சராசரியாக 0.41 கிலோதான் அதிகம், பராக்சிடினில் 0.37 கிலோ. பூப்ரோபியானில் 0.22 கிலோ குறைவு. (வலிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி மருந்து ஆகாது.) சராசரி என்பதால் சிலருக்கு நன்றாகவே கூடும், சிலருக்குக் கூடாது. அதே ஆராய்ச்சியில், ஆறு மாதம் முடியும்போது எந்த மருந்தை எடுத்தாலும் பாதிப் பேர்கூட அதைத் தொடரவில்லை. படித்ததும் என்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு டாக்டர் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதில் குறை இருந்தாலும் சோர்வும் எடையும் வரும். பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து செர்ட்ராலினுக்கு மாற்றினார். பலன் தெரியச் சில வாரம் பொறுக்க வேண்டும், குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வைத்தேன். மாலையில் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தங்காய் உப்பேரியும் குறைந்தன. கோயில் குளத்தைச் சுற்றி நடை கூடியது. உப்பேரியை முழுதாக விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மொழி தடையாக இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு தகவல். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும். டாக்டரிடம் போகும்போது, மலையாளம் நன்றாகத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போவதிலும் வெட்கமில்லை. நான் என் மகளைக் கூட்டிப் போகிறேன்.

இன்று என் எடை, நோய்க்கு முன் இருந்ததைவிட இரண்டு கிலோ கூடுதல். ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்கத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டேன்.