மாரியை நம்பி வாழும் மன்னார்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, இந்தியாவை நோக்கி நீட்டிய விரல்போல அமைந்துள்ளது மன்னார்த் தீவு. அத்தீவையும் அதனை அடுத்த பெருநிலப் பரப்பையும் உள்ளடக்கியதே மன்னார் மாவட்டம். இதன் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றராகும். பனையும் முட்புதரும் மணல்வெளியும் நிறைந்த இந்நிலத்தை முதன்முறையாகக் காண்போர் வறண்ட பூமி என்றே எண்ணுவர். ஆயினும் வட மாகாணத்தின் நெற்களஞ்சியங்களுள் இதுவும் ஒன்று. இவ்வளம் வந்தது எங்ஙனம்? ஆண்டிற் சில மாதங்களே பெய்யும் மாரி மழையைக் கடலுக்குப் போகவிடாது தேக்கிவைத்த முன்னோரின் அறிவினாலேயாம்.

சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு, மகாவலிக்கு அடுத்தபடியாக இலங்கையில் நீண்ட ஆறு. அதன் நீளம் 164 கிலோமீற்றர். அனுராதபுரத்தின் வழியாக வரும் இந்த ஆறு கோடையில் மெலிந்து மணற்படுகையைக் காட்டும், மாரியிலோ கரைபுரண்டோடும். தேக்கம் என்னுமிடத்தில் அணையிட்டு, அந்நீரை வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்திற்குக் கொணர்கின்றனர். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் காலத்ததாகச் சொல்லப்படும் இக்குளம், ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திருத்தப்பட்டது. இங்கிருந்து செல்லும் நீர் ஊர்க்குளங்களை நிரப்பி, முருங்கன், நானாட்டான், அடம்பன் வயல்களைச் செழிப்பிக்கின்றது. பெரும்போகம் மாரியோடு வரும். சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் விதைப்பதென்பதைக் குளத்து நீரின் அளவை நோக்கிக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பர்.

கரையோர மக்களுக்குக் கடலே வயல். பேசாலை, வங்காலை, சிலாவத்துறை முதலிய ஊர்களிற் மீன்பிடியும் கருவாட்டுத் தொழிலும் நடைபெறுகின்றன. முற்காலத்தில் இக்கடலின் முத்து உலகப் புகழ் பெற்றது. முத்துக்குளிப்பு மறைந்துவிட்டபோதிலும், அதனை மேற்பார்வையிடத் தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகையின் சிதைவுகளை இன்றும் காணலாம்.

காணவேண்டிய இடங்கள் வேறும் பல. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவித் தீர்த்தக் கரையில் விளங்குகின்றது. போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்ட அத்தலத்தை மீட்டெடுக்குமாறு 1872ஆம் ஆண்டில் சைவ மக்களைத் தூண்டியவர் ஆறுமுக நாவலர். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சமய பேதமின்றி மக்கள் திரள்வர். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்டது. இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். மாரி காலத்தில் வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் இரை தேடும் காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும்.

போரின் துயரையும் இம்மாவட்டம் அறிந்ததே. 1990ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பல வயல்கள் தரிசாய்க் கிடந்தன. போர் முடிந்தபின் மக்கள் மீண்டனர். 2015ஆம் ஆண்டில் புகையிரதமும் தலைமன்னாரை மீண்டும் அடைந்தது.

நிற்க. இன்று இம்மண் புதியதொரு வினாவை எதிர்நோக்குகின்றது. 2020ஆம் ஆண்டில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றின் மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. மின்சாரம் நாட்டிற்கு வேண்டியதே. எனினும், காற்றாலைகளால் மழைவெள்ளம் வடிந்தோடும் வழி தடைப்படுகின்றது, பறவைகளுக்கும் இடையூறு நேர்கின்றது என்பது மக்களின் முறைப்பாடு. கனியமணல் அகழும் திட்டமோ அவர்களை மேலும் அஞ்சச் செய்கின்றது. 2025ஆம் ஆண்டில் அவர்கள் இவையிரண்டையும் எதிர்த்து வீதியில் இறங்கினர்.

இவ்வச்சத்தின் காரணத்தை மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தீவில் ஆறு இல்லை. மணலில் ஊறும் மழைநீர், உவர்நீரிலும் இலேசானதாகையால், அதன்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. கிணறுகள் தரும் நன்னீர் அதுவே. நீரைத் தாங்கும் மணலை ஆழ அகழ்ந்தால், அவ்விடத்தை உவர்நீர் கைப்பற்றக்கூடும். பெருநிலத்தில் மழையைக் காப்பது குளக்கட்டு. தீவில் மழையைக் காப்பது மணல். குளக்கட்டை வெட்டி மண் விற்க எந்தக் கமக்காரனும் உடன்படான். மணலைப் பற்றிய முடிவும் அத்தகைய முன்யோசனையோடு, அங்கு வாழும் மக்களைக் கேட்டே எடுக்கப்படல் வேண்டும்.